வண்டியில் ஏற்றிய பிறகு: ஆதரவற்றோர் மீட்பில் காவல்துறையின் வேலை என்ன?

ஒரு மழைக்கால இரவு. சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, ஷட்டரை இழுத்துவிட்ட கடையின் படியில் ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். தாடி நெஞ்சைத் தொட்டது. வலது காலில் புண். ஈ மொய்க்காமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். ரோந்து வந்த இரண்டு காவலர்களும், கூட வந்த தன்னார்வலப் பெண் ஒருவரும் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். "ஐயா, எந்திரிங்க, காலைக் காட்டிட்டு வந்துரலாம்" என்று காவலர் எத்தனை தரம் சொல்லியும் அவர் அசையவில்லை. தலைக்கு வைத்திருந்த சிமென்ட் சாக்குப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்: "பையை நான் தூக்கிட்டு வர்றேன்பா. உங்க கண்ணு முன்னாடியே வச்சுக்கிறேன்." அதற்கப்புறம்தான் எழுந்தார்.

எதிரே இருந்த டீக்கடையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தபோது பையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அந்தப் பெரியவரின் அனுமதியோடு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கந்தல் சட்டைகள், காலியான மாத்திரை அட்டை ஒன்று, நாலாக மடித்த பஸ் டிக்கெட், அப்புறம் ஏதோ ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவின் பழைய உறை. உறையில் ஊர்ப் பெயர் பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதியை வைத்துத்தான் அவருடைய வீட்டைத் தேடத் தொடங்கினார்கள்.

காவல்துறை ஆதரவற்றோரை மீட்டது என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வரும். வண்டியில் ஏற்றுவது ஒரு மணி நேர வேலை. படம் எடுப்பதும் செய்தி ஆவதும் அந்த ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு வரும் வாரங்களில், மாதங்களில் காவல்துறை என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு மனிதரின் மீதி வாழ்க்கை இருக்கிறது. அந்தப் பிற்பாதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று இதை எழுதுகிறேன்.

சென்னைப் பெருநகரக் காவல்துறை 2021 ஏப்ரலில் 'காவல் கரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்தவர் மகேஷ்குமார் அகர்வால். கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. காவலர்கள், தொண்டு நிறுவனங்கள், மாநகராட்சி மூன்றும் ஒரே வண்டியில் போவதுதான் இதில் புதுசு. தெருவில் கிடக்கும் ஒருவரைப் பற்றி யாராவது போன் செய்தால் குழு போகும். மனநோய் இருப்பதாகத் தெரிந்தால் மனநல மருத்துவமனை, உடம்புக்கு முடியாவிட்டால் அரசுப் பொது மருத்துவமனை, படுக்க இடம் மட்டும் வேண்டுமென்றால் மாநகராட்சிக் காப்பகம். குடும்பத்தைத் தேடிச் சேர்த்து வைப்பதும் இந்தத் திட்டத்தின் வேலை. யாரும் கேட்டு வராத உடல்களை முறையாக அடக்கம் செய்வதும் இவர்கள் கணக்கில்தான் சேர்கிறது.

இந்த வேலை 2021-இல் பிறந்ததல்ல. 'உதவும் கரங்கள்' என்ற தொண்டு நிறுவனம் 1983-லிருந்து இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' தெருவில் மனநோயோடு திரிந்த பெண்களுக்காகவே ஒரு வீட்டைத் திறந்தது. மகாராஷ்டிரத்தில் மனநல மருத்துவர் பரத் வட்வானி இதே வேலையைச் செய்துதான் 2018-இல் மகசேசே விருது வாங்கினார். இவர்கள் அத்தனை பேரின் அனுபவத்திலும் காவல் நிலையம் ஏதோ ஒரு இடத்தில் குறுக்கே வரும். சில சமயம் உதவியாக, சில சமயம் தடையாக. காவல்துறை தானே முன்னால் வந்து நிற்பதுதான் கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றம்.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பழைய கதை தெரிந்தால்தான் புரியும்.

சாலையோர மனிதரைப் பார்க்கும் போலீஸ்காரரின் கையில் நம் நாடு நீண்ட காலமாகக் கொடுத்து வைத்திருந்த சட்டம் பிச்சைத் தடுப்புச் சட்டம். தமிழ்நாட்டில் அது 1945-ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் கை நீட்டுபவர் குற்றவாளி. பிடிப்பது, நீதிமன்றத்தில் நிறுத்துவது, இல்லத்தில் அடைப்பது என்பதுதான் அதன் நடைமுறை. தில்லியில் அமலில் இருந்த பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் பிச்சை எடுப்பவரைத் தண்டிப்பது அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2021-இல் கொரோனாவைக் காரணம் காட்டிப் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றச் சொல்லி வந்த மனுவிலும், மேட்டுக்குடிப் பார்வையில் இதை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது.

ஆனால் தீர்ப்பு ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். 2017 நவம்பரில் ஐதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு நடந்தது, அமெரிக்க அதிபரின் மகள் வந்தார். அதற்கு முன்பு நகரக் காவல் ஆணையர் பொது இடங்களில் பிச்சை எடுக்கத் தடை போட்டார். தெருவில் இருந்தவர்கள் வண்டி வண்டியாக ஏற்றப்பட்டுச் சிறை வளாகங்களில் அமைத்த இல்லங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதையும் மறுவாழ்வு என்றுதான் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மீட்பதும் அகற்றுவதும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதே வண்டி, அதே காக்கி, அதே ஆட்கள். வருகிறாயா என்று கேட்டார்களா, வரமாட்டேன் என்று சொல்ல அந்த மனிதரால் முடிந்ததா என்பதில்தான் வித்தியாசம். கடைப்படியில் அந்தப் பெண் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததன் மதிப்பு இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் இருக்கும் எல்லோரும் மீட்கப்பட வேண்டியவர்கள் இல்லை. பாரிமுனை, சவுக்கார்பேட்டைப் பக்கம் போனால் நடைபாதையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. மூட்டை தூக்குகிறார்கள், பூ கட்டுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தேவை வீடு. அவர்களைக் காப்பகத்துக்கு ஏற்றிப் போனால் கணவன் ஒரு இடம், மனைவி ஒரு இடம் என்று பிரிவார்கள், வேலையும் போகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை ஒரே இரவில், பிப்ரவரி 28 அன்று, எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். இவர்களில் கணிசமானோர் உழைக்கிறவர்கள்தான். காவல்துறையின் உதவி உடனே தேவைப்படுவது வேறு இரண்டு கூட்டத்துக்கு. ஒன்று, மனநோயோடு வீட்டை விட்டு வந்து திசை தெரியாமல் திரிபவர்கள். மற்றது, பெற்ற பிள்ளைகளே கொண்டுவந்து விட்டுப்போன வயசானவர்கள்.

முதல் கூட்டத்துக்காகச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவை ஒவ்வொரு காவல் நிலையத்துச் சுவரிலும் ஒட்டி வைக்கலாம். மனநோய் இருப்பதாகத் தோன்றி, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது அது. எதற்காகக் கூட்டிப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துவிட்டு அனுமதிக்கத் தேவையில்லை என்றால் வீட்டுக்கோ, வீடில்லாதவராக இருந்தால் அரசுக் காப்பகத்துக்கோ காவலரே கொண்டுபோய் விட வேண்டும்.

இதற்கு முன்பிருந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் படி மருத்துவமனை இல்லை, மாஜிஸ்திரேட். பழைய ஏட்டையாக்கள் இன்னும் 'ரிசப்ஷன் ஆர்டர்' என்று சொல்வது அந்தக் காலத்து வார்த்தை. நோயாளியை நீதிபதி முன் நிறுத்தி உத்தரவு வாங்கினால்தான் மனநல மருத்துவமனை சேர்க்கும். புதுச் சட்டம் நீதிமன்றப் படியிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு மாற்றியது. ஆனால் சில இடங்களில் இன்றைக்கும் இரவுப் பணிக் காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி "ஆர்டர் எங்கே?" என்பதுதான். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மெமோவைத் தூக்கிக்கொண்டு அலைந்த காவலர், அடுத்த முறை தெருவில் ஒருவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தமிழ்நாடு அரசு தொடங்கிய அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் இந்த அலைச்சலைக் குறைத்திருக்கின்றன. கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிந்தால் காவலரும் வண்டியை நிறுத்துவார்.

அதே 100-ஆவது பிரிவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதிகம் பேசப்படாத வரி, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே முக்கியமான வரி. வீடின்றித் திரிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட மனநோயாளியைப் பற்றிக் காணாமல் போனவர் வழக்காக எஃப்.ஐ.ஆர். போட வேண்டும்; குடும்பத்தைத் தேடி, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்வது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் தொலைந்து போனால் இரண்டு காகிதம் உருவாக வேண்டும். அவர் ஊரில் ஒரு 'மேன் மிஸ்ஸிங்' வழக்கு. அவர் வந்து சேர்ந்த ஊரில் இன்னொன்று. இரண்டும் சந்தித்துவிட்டால் கதை முடிந்தது. நடப்பது என்ன? ஊரில் பெரும்பாலும் புகாரே கொடுப்பதில்லை. "அவன் இப்படித்தான் அடிக்கடி போவான், வந்துருவான்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். கொடுத்தாலும் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடுவது உண்டு. இந்தப் பக்கம், ஆளை இல்லத்தில் சேர்த்ததோடு நிலையத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் 'அன்நோன் மேல், வயது சுமார் 60' என்று இருக்கும் ஒருவர், நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காவல் நிலையக் கோப்பில் பெயர், அப்பா பெயர், மச்ச அடையாளத்தோடு இருக்கக்கூடும்.

குழந்தைகள் விஷயத்தில் நாடு இதை ஓரளவு சரி செய்திருக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றி வரும் ஒவ்வொரு புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. காணாமல் போன குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க காசியாபாத் காவல்துறை 2014-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஸ்மைல்' அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் போனது. ரயில் நிலையத்தில் தனியாக ஒரு பிள்ளை நின்றால் ரயில்வே பாதுகாப்புப் படை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண், குழந்தைகள் நலக் குழு என்று ஒரு சங்கிலி இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்தியாக வேண்டும். வயது 18 தாண்டியதும் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. ஐம்பது வயதுத் தாய்க்கு அப்படி ஒரு குழு கிடையாது. காவல் கரங்கள் போன்ற முயற்சிகள் அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கின்றன, ஆனால் அவை சட்டத்தின் பலத்தில் நிற்கவில்லை, அக்கறையுள்ள சில அதிகாரிகளின் பலத்தில் நிற்கின்றன. அதிகாரி மாறினால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் இருக்கிறது.

வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தனிக் கலை.

சென்னை சென்ட்ரல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் வெளிமாநிலத்தவர் அதிகம் திரிவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ரயில் அங்கே முடிகிறது. பீகாரிலோ ஒடிசாவிலோ மனம் போன போக்கில் ஏறி உட்கார்ந்தவரை யாரும் இறக்கிவிடாத வரை அவர் கடைசி நிலையத்தில்தான் இறங்குவார். இறங்கினால் மொழி தெரியாது. தமிழில் கேட்கும் கேள்விக்குப் பதில் வராததால் 'பேச மாட்டார்' என்று எழுதிவிடுவார்கள். ஒடியா தெரிந்த கட்டடத் தொழிலாளி ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்ததும் மடை திறந்த மாதிரிப் பேசியவர்கள் உண்டு. பேசாமல் இருந்தது நோயினால் இல்லை, பேச ஆள் இல்லாததால்.

ஊர் எது என்று நேராகக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. இதில் தேர்ந்தவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஊர்ல என்ன ஆறு ஓடுது? சந்தை எந்தக் கிழமை? திருவிழா எந்தச் சாமிக்கு? பஸ்ஸுக்கு எங்க போய் நிக்கணும்? பெண்களிடம் இன்னொரு சிக்கல். அவர்கள் சொல்வது பல நேரம் பிறந்த வீட்டு ஊர். புகார் இருப்பதோ புகுந்த ஊர்க் காவல் நிலையத்தில், கணவன் பெயரோடு. அம்மா வீட்டு ஊரில் விசாரித்தால்தான் புருஷன் வீட்டுக்கு வழி தெரியும்.

இந்த இடத்தில்தான் காவல்துறைக்கு இருக்கும் ஒரு பலம் வேறு யாருக்கும் இல்லை என்று சொல்வேன். தொண்டு நிறுவனத்துக்கு மனசு இருக்கும், மருத்துவர் இருப்பார், சமையல்காரர் இருப்பார். ஆனால் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு காவல் நிலையம் உண்டு, அதில் போனை எடுக்க ஒரு ரைட்டர் உண்டு, அந்த ஊர்த் தெருக்களைத் தெரிந்த பீட் கான்ஸ்டபிள் ஒருவர் உண்டு. இங்கிருந்து வாட்ஸ்அப்பில் போன ஒரு படத்தை அவர் தெருமுனைக் கடையில் காட்டினால் போதும். "அட, இது நம்ம வாத்தியார் வீட்டுப் பையனாச்சே" என்று யாராவது ஒருவர் சொல்வார். வேறு எந்த அமைப்பாலும் காசு கொடுத்து வாங்க முடியாத பலம் இது. காவல்துறை ஆம்புலன்ஸ் ஓட்டலாம், முடி வெட்டிவிடலாம், சாப்பாடு போடலாம். அதையெல்லாம் மற்றவர்களும் செய்வார்கள். அந்தத் தெருமுனைக் கடைக்குப் போகும் வேலையைக் காவல்துறை செய்தால்தான் உண்டு.

ஆதாரும் ஒரு வழி. பெயர் தெரியாதவருக்குப் புதிதாக ஆதார் எடுக்க விரல்ரேகை வைத்தால், ஏற்கெனவே பதிவு இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்பே ஒரு துப்பு: இவருக்கு ஒரு பெயரும் முகவரியும் எங்கோ இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆதார் அலுவலகம் வரை போய்ப் பல ஆண்டுகளுக்கு முன்பு தொலைந்தவர்களை வீட்டில் சேர்த்திருக்கிறார்கள். விரல்ரேகையைக் காவல்துறை நேரடியாகக் கேட்டு வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தனிமனித ரகசியத்துக்காக வைத்த அந்தத் தடுப்பு சரியானதுதான். ஆனால் வீடு திரும்ப விரும்பும் ஒருவருக்காக ஒழுங்கான, வேகமான வழி ஒன்றைத் திறந்து வைத்தால் என்ன? இன்றைக்கு அது தெரிந்த அதிகாரி யார், பழகிய மையம் எது என்பதைப் பொறுத்து இருக்கிறது.

படம் பற்றியும் ஒரு வார்த்தை. அழுக்குத் தாடியோடு ஒரு படம், மழித்துப் புதுச்சட்டை போட்டு இன்னொரு படம் என்று இரண்டையும் சேர்த்துப் போடும் வழக்கம் இப்போது எங்கும் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் மனநோயாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. அதே சமயம் முகத்தைக் காட்டாமல் குடும்பத்தைத் தேடவும் முடியாது. இரண்டும் உண்மை. நிலையத்திலிருந்து நிலையத்துக்குப் போகும் படம் வேறு, லட்சம் பேர் பார்த்து ஐயோ பாவம் என்று எழுதும் காணொளி வேறு. குணமான பிறகு அந்த மனிதர் வேலை தேடிப் போவார், அவர் பிள்ளைக்குப் பெண் பார்ப்பார்கள். அந்தக் காணொளி அப்போதும் இருக்கும்.

அப்புறம், கொண்டுபோய் எங்கே விடுகிறோம் என்ற கேள்வி. தமிழ்நாட்டுக்கு இதில் மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, உரிமம் பற்றிய விதிகள் இறுகின. இருபது வருஷம் தாண்டி 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தைப் பற்றி மறுபடியும் செய்தி வந்தது. உரிய அனுமதி இல்லாமல் நடந்தது என்றார்கள். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு மனு போனதில்தான் விஷயம் வெளியே வந்தது. 140-க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து வேறு இடங்களுக்கு மாற்றினார்கள், துன்புறுத்தல் புகார்களோடு வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

தெருவில் இருந்தவருக்கு நாலு பேர் கண்ணிலாவது படும் பாதுகாப்பு இருந்தது. மதில் சுவருக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை. ஆகவே ஒருவரை எந்த இல்லத்தில் சேர்த்தோம், அந்த இல்லத்துக்கு உரிமம் இருக்கிறதா, மூன்று மாதம் கழித்து அவர் அங்கே இருக்கிறாரா என்பதைச் சேர்த்த காவல் நிலையமே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கென்று பெரிய செலவு கிடையாது. மாதம் ஒரு நாள், ஒரு காவலர், ஒரு பதிவேடு. எத்தனை பேரை மீட்டோம் என்ற எண்ணிக்கை எல்லா மேடையிலும் வாசிக்கப்படுகிறது. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கும் அதே மேடையில் வாசிக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை.

முதியவர்கள் கதை வேறு மாதிரி. கோயில் ஊர்களிலும் பெரிய மருத்துவமனை வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் "இங்கயே இரும்மா, டிக்கெட் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்புவதில்லை. இவர்களுக்குப் பெயர் தெரியும், ஊர் தெரியும், பிள்ளையின் போன் நம்பர்கூடச் சில பேருக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்ல மாட்டார்கள். "எனக்கு யாரும் இல்லப்பா" என்பார்கள். சொன்னால் போலீஸ் மகனைப் பிடித்துவிடுமே என்ற பயம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி முதியவரைக் கைவிடுவது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் மகன்மேல் கை நாட்டு வைக்கும் தாய் அரிது. அனுபவமுள்ள காவலர்கள் இதைத் தெரிந்துதான் வழக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். மகனை வரச் சொல்லி நிலையத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சிலர் அழைத்துப் போகிறார்கள். சிலரோடு அனுப்பாமல் இருப்பதே நல்லது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடித்த தழும்பு முதுகில் இருக்கும்போது குடும்பத்தோடு சேர்த்து வைத்தோம் என்று கணக்கு எழுதக் கூடாது.

அந்தக் கடைப்படிப் பெரியவரின் ஊர் கிடைத்துவிட்டது. ஸ்டுடியோ உறையில் பாதி அழிந்த பெயர் மூன்று நான்கு ஊர்களுக்குப் பொருந்தியது. ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் போன் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஊரில் ஒரு காவலர் தெரிந்துகொண்டு வீட்டுக்கே போயிருக்கிறார். தம்பி போனில் சொன்ன முதல் வார்த்தை, "எட்டு வருஷம் ஆச்சுங்க. திதிகூடக் குடுத்துட்டோம்." அடுத்த நாள் வந்துவிட்டார். வந்தவர் அழுதார், அண்ணனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போய், தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: நிலத்தைப் பாகம் பிரித்தாகிவிட்டது, ரேஷன் கார்டில் பெயரை எடுத்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது?

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரைச் சட்டமே இறந்தவராக எடுத்துக்கொள்கிறது. போனவர் இல்லாமல் வாழப் பழகிய வீட்டுக்குள் அவரைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறோம். கூடவே ஒரு மாத்திரைச் சீட்டு. மாத்திரை நின்றால் ஆறு மாதத்தில் மறுபடியும் தெரு. மாவட்ட மனநலத் திட்டத்தில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இலவசமாக மருந்து வாங்க முடியும். வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் மனநல சிகிச்சை இலவசம் என்பது 2017 சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் எந்த மருத்துவமனை, என்ன கிழமை, யாரைப் பார்க்கணும் என்று தம்பிக்கு யார் சொல்வது? அனுப்பும் ஊர்க் காவல் நிலையமும் மருத்துவமனையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவருடைய சொந்த ஊர் நிலையத்துக்கு ஒரு வரி தகவல் அனுப்பினால் முடிகிற காரியம். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே காலத்துக்கும் வைத்திருக்கக் கூடாது, சமூகத்துக்குள் வாழ அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அதற்காக நாலைந்து பேர் சேர்ந்து வாடகை வீட்டில், ஒரு உதவியாளரோடு வாழும் ஏற்பாட்டைப் பான்யன் நடத்திக் காட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் கடைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள். அப்படி வீடுகள் இன்னும் நிறைய வேண்டும்.

நீங்களும் நானும் நாளைக்கே இப்படி ஒருவரைத் தெருவில் பார்க்கலாம். 112-க்கோ 100-க்கோ போன் செய்யலாம். முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. படம் எடுத்துப் பொதுவில் போடுவதற்கு முன்னால் போன் செய்யுங்கள். இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள், எந்தக் கடை, எந்தத் தூண் என்று. என்ன மொழி பேசுகிறார், சாப்பிட்டாரா, புண் இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறார் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை கொஞ்சம் கூட இருங்கள். வந்து ஏற்றியதும், எந்த நிலையம், எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த நிலையத்துக்குப் போன் போட்டு, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, ஊர் தெரிந்ததா என்று விசாரியுங்கள். வெளியாள் ஒருவர் கேட்கிறார் என்றாலே கோப்பு நகரும்.

அவருடைய பையை மட்டும் குப்பை என்று யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.